கீமேன் தாத்தாவுக்கு ஒரு நினைவு மலர் – கடிதமும் பதிலும்

அண்ணாவுக்கு வணக்கம்,

உங்க பக்கத்தை ரொம்ப வருஷமா படிக்கிறேன், இதுவரைக்கும் எழுதினதில்ல. இப்ப யாரைக் கேக்கறதுன்னு தெரியாம எழுதறேன். எங்க தாத்தா, அப்பாவோட அப்பா, போன வருஷம் தவறிட்டார். 1958-ல ரயில்வேல கூலியா சேந்து, தண்டவாளம் பராமரிக்கற கேங்ல கேங்மேன் ஆகி, ரொம்ப வருஷம் கீமேனா (தினம் லைனை நடந்து பாக்கற ஆளு) இருந்து, கடைசியில மேஸ்திரியா ரிட்டையர் ஆனவர். சர்வீஸ் பூராவும் அரியலூர் பக்கம்தான். நாலு பிள்ளைங்க, பதினோரு பேரப்பிள்ளைங்க, இன்னிக்கு எல்லாரும் ஒரு நிலைமையில இருக்கோம்னா அது அவரால.

முதல் வருஷ திதிக்கு ஒரு நினைவு மலர் போடலாம்னு வீட்ல முடிவு பண்ணாங்க. நான் தமிழ் படிச்சவங்கறதால என் தலையில கட்டிட்டாங்க. எல்லார்கிட்டயும் எழுதி வாங்கினேன், பதினாலு பேர் குடுத்தாங்க, இதோட அனுப்பியிருக்கேன் பாருங்க. எல்லாமே ஒண்ணு மாதிரியே இருக்கு. "அன்பின் சிகரமே", "குடும்பத்தின் ஆணிவேரே", "எங்கள் குலவிளக்கே". வேற யார் தாத்தா படத்தை மேல ஒட்டினாலும் பொருந்திடும் போல. எனக்கு ஞாபகம் இருக்கற தாத்தா சாப்பிட உக்காந்தாலும் ரயில் சத்தம் கேட்டா கையை அப்படியே நிறுத்திட்டு, வண்டி போனப்புறம்தான் அடுத்த வாய் வைப்பார். அது எதுலயும் இல்ல.

இன்னும் மூணு சிக்கல். ரெக்கார்டுல பிறந்த தேதி 1-7-1939. பாட்டியோ விஷு வருஷம்தான்னு அடிச்சு சொல்றாங்க. அப்புறம் 1974 ஸ்ட்ரைக்ல தாத்தாவுக்கு வேலை போயிடுச்சு, 77-லதான் திரும்ப கிடைச்சதாம். பேர் கெட்டுடும், அதைப் போடவே கூடாதுன்னு பெரியப்பா சொல்றார், போட்டே ஆகணும்னு அப்பா நிக்கறார். மூணாவது, தாத்தா கை நீட்டுவார். பெரியப்பா சின்னப் பையனா இருக்கப்போ தண்டவாளத்து மேல காசு வச்சு நசுக்கினதுக்கு தென்னமட்டையால அடிச்ச அடி, அறுபது வயசு தாண்டியும் அதைச் சொன்னா அவருக்கு கண்ணு கலங்கிடும். இதெல்லாம் மலர்ல எழுதலாமா? எழுதினா தாத்தாவுக்கு பண்ற துரோகமா ஆயிடுமா?

ஒரு பேத்தி

*

வணக்கம்மா,

பதினாலையும் படிச்சேன். அவங்க யாரும் பொய்யா எழுதலை, அதை முதல்ல சொல்லிடறேன். செத்தவங்களைப் பத்தி எழுதுன்னு பேப்பரை கையில குடுத்தா நம்மாளுங்களுக்கு தன்னால வர்றது தெருமுக்குல கட்டற கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் தமிழ்தான், அதுவும் இல்லேன்னா பாதி பேருக்கு எழுதவே வராது, அதனால அவங்க மேல கோவப்படாதீங்க. ஆனா அந்த பதினாலுல ஒருத்தர் கூட உங்க தாத்தா காலையில எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் போனார், எங்க போனார், போயி என்ன பண்ணார்னு எழுதலை. அவர் வேலைக்குப் போன ஏறக்குறைய நாப்பது வருஷமும் அவங்க கண்ணுல பட்டது சாயங்காலம் வீட்டுக்கு வந்த ஆளு மட்டும்தான். மிச்சமிருந்த மனுஷன் லைன்ல இருந்தார், அந்த ஆளைத் தெரிஞ்சவங்க யாருமே உங்க லிஸ்ட்ல இல்ல. மலருக்கு ஆள் தேட வேண்டியது அங்கதான்.

எங்க மாமா ஒருத்தர் ரயில்வேல பாயிண்ட்ஸ்மேனா இருந்தார், என் சின்ன வயசுல அவரோட ஸ்டேஷன் ஸ்டேஷனா சுத்தின ஆளு நான். அதனால ஒரு கீமேனோட நாள் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு எழுதறேன், நீங்க இதை அப்படியே மலர்ல போட்டுடாதீங்க, இதை வச்சு கேள்வி கேளுங்க.

ஒரு கேங்குக்கு சுமாரா அஞ்சாறு கிலோமீட்டர் லைன் இருக்கும். மத்த கேங்மேன்கள் எல்லாம் மேஸ்திரியோட சேந்து ஒரு இடத்துல நின்னு பீட்டராலயும் கடப்பாரையாலயும் தண்டவாளத்தைத் தாங்கற கட்டைக்கு அடியில ஜல்லியை இடிச்சு இறுக்கிட்டு இருப்பாங்க, கீமேன் மட்டும் தனி. காலையில சம்மட்டி, ஸ்பானர், சிவப்புக்கொடி, பச்சைக்கொடி, பட்டாசு (சக்கரம் ஏறினா வெடிச்சு டிரைவரை எச்சரிக்கற டெட்டனேட்டரை லைன்ல அப்படித்தான் சொல்வாங்க), மாத்தறதுக்கு நாலு கீ (தண்டவாளத்தை கட்டையோட இறுக்கிப் பிடிக்கற ஆப்பு), போல்ட்டு எல்லாத்தையும் தூக்கிட்டு கிளம்புவார். போறப்போ ஒரு பக்க ரயிலைப் (தண்டவாளத்தை லைன்ல அப்படித்தான் சொல்வாங்க) பாத்துட்டே போகணும், வர்றப்போ இன்னொரு பக்க ரயிலைப் பாத்துட்டே வரணும். மீட்டர் கேஜ் (அகலம் கம்மியான பழைய லைன்) காலத்துல ஒரு ரயில் துண்டு 39 அடி, அதாவது 12 மீட்டர் கிட்ட. அப்ப 6 கிலோமீட்டர்ல ஒரு பக்கத்துக்கு 500 ஜாயிண்ட், ரெண்டு பக்கத்துக்கும் 1000, ஒவ்வொரு ஜாயிண்டுலயும் ரெண்டு துண்டையும் சேத்துப் பிடிக்கற பிஷ்பிளேட்டுக்கு நாலு போல்ட். ஒரு நாளைக்கு 4000 போல்ட்டை உங்க தாத்தா கண்ணு பாத்திருக்கு. எது தளந்திருக்கு, எந்த கீ வெளிய வந்திருக்கு, எந்த பிஷ்பிளேட்ல விரிசல்னு பாத்து, சம்மட்டியால தட்டி, சத்தத்தை வச்சே தெரிஞ்சுக்கற வேலை அது.

உங்க சித்தப்பா ஒருத்தர் தாத்தா நடந்த தூரத்தை எல்லாம் கூட்டினா உலகத்தை ரெண்டு மூணு சுத்து சுத்தியிருப்பார்னு எழுதியிருக்கார். கணக்கு சரிதான், தினம் 12 கிலோமீட்டர்னு வச்சுக்கிட்டாலே முப்பது வருஷத்துல லட்சம் கிலோமீட்டர் தாண்டிடும். ஆனா அதை எடுத்துடுங்க, அப்படி யாருக்கு வேணா சொல்லலாம், போஸ்ட்மேனுக்கும் சொல்லலாம். 4000 போல்ட்டை வைங்க.

சாப்பிடறப்போ கையை நிறுத்தினாருன்னு எழுதியிருந்தீங்க இல்ல, அவர் கேட்டுட்டு இருந்தது அந்த ஜாயிண்ட் சத்தத்தைத்தான்னு எனக்குத் தோணுது. வண்டி ஒவ்வொரு ஜாயிண்டையும் தாண்டறப்போ வர்ற சத்தத்துல ஒரு இடம் மட்டும் மாறி வந்தா அங்க கட்டை தொங்குது இல்ல போல்ட் விட்டிருக்குன்னு அர்த்தம், லைன் பக்கத்து வீட்ல உக்காந்துட்டே பழைய ஆளுங்க சொல்லிடுவாங்க. நான் நினைக்கிறது தப்பாவும் இருக்கலாம், வெறும் பழக்கமா இருக்கலாம், பாட்டிகிட்ட கேளுங்க, "நிறுத்தினப்புறம் என்னைக்காவது எழுந்து வெளிய போயிருக்காரா"ன்னு. அப்புறம் 1992-க்கு மேல எல்லா லைனையும் ஒரே அகலமாக்கற யூனிகேஜ் திட்டம் வந்து உங்க லைனும் பிராட் கேஜ் ஆச்சே, வெல்டிங் வச்சு நீள நீளமா ரயில் போட்டதுல பழைய தடதட சத்தமே கொறஞ்சு போச்சு. அதைப் பத்தி தாத்தா என்ன சொன்னார்னும் கேளுங்க. இந்த மாதிரி ஆளுங்க அதைப் பத்தி எதாவது ஒண்ணு கண்டிப்பா சொல்லியிருப்பாங்க, பெரும்பாலும் திட்டியிருப்பாங்க.

இன்னொண்ணு, ரயில் உடைஞ்சு கிடக்கறதை என்னைக்காவது அவர் பாத்திருக்காரான்னு விசாரிங்க. மார்கழி தை மாச விடியக்காலையில இரும்பு குளிர்ல சுருங்கி இழுக்கறப்போதான் அதிகமா முறியும். தனியா நடக்கற ஆளு அதைப் பாத்துட்டா கொடியை அங்கயே நட்டுட்டு வண்டி வர்ற பக்கமா ஓடணும், மீட்டர் கேஜ்ல 400 மீட்டர்ல ஒரு பட்டாசு, 800 மீட்டர் தள்ளி பத்து பத்து மீட்டர்ல மூணு பட்டாசு தண்டவாளத்து மேல கட்டணும், அப்புறம் அடுத்த பக்கத்துக்கும் அதே. செல்போன் இல்லாத காலம். உங்க பக்கம் வேற கரிசல் மண்ணு, மழை பெஞ்சா லைன் அடியில உள்வாங்கும், வெயில்ல வெடிக்கும், அதனால உங்க தாத்தா கேங்குக்கு மத்த இடத்தை விட ஜல்லி இடிக்கற வேலை ஜாஸ்தியாவே இருந்திருக்கும். ஐப்பசி கார்த்திகையில ராத்திரி ரோந்து வேற, கையில மூணு கலர் லாம்பு, கொட்டற மழையில பாலத்துக்கு பாலம் போயி தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்கணும்.

ரோந்துன்னு சொன்னதும் மருதையாறு வந்துதானே ஆகணும். 1956 நவம்பர் 23, விடியறதுக்கு முன்னாடி, அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவுல மருதையாத்து வெள்ளத்துல பாலம் போயி தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆத்துல இறங்கிடுச்சு. 150 பேர் கிட்ட செத்தாங்க. மேடையில யார் இதைச் சொன்னாலும் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா பண்ணார்ங்கறதோட முடிச்சுடறாங்க, அந்தக் காலத்து மந்திரி பாரு இந்தக் காலத்து மந்திரி பாருன்னு பேசறதுக்கு அது வசதியா இருக்கு. உங்க சின்ன அத்தை எழுதினதுல நடுவுல ஒரே ஒரு வரி வருது, "அப்பா பையனா இருக்கப்போ ஊர்க்காரங்களோட ஓடிப்போயி அந்த ரயிலைப் பாத்தாராம், அன்னிக்கு ராத்திரி சாப்பிடலையாம்". பதினாலு கட்டுரையிலயும் எனக்கு உடம்பு சிலிர்த்தது இந்த ஒரு இடத்துலதான். அத்தை அதை எழுதிட்டு உடனே "பாசத்தின் பிறப்பிடமே"ன்னு போயிட்டாங்க! அவங்களை உக்கார வச்சு கேளுங்க. என்ன பாத்தார், யாரோட போனார், எத்தனை தடவை சொல்லியிருக்கார், குடிச்சிருந்தப்போ சொன்னாரா சும்மா இருக்கப்போ சொன்னாரா. ரெண்டு வருஷம் கழிச்சு அதே லைன்ல கூலியா சேந்திருக்கார்.

இங்க ஒரு எச்சரிக்கை. அந்த ரயிலைப் பாத்ததாலதான் தாத்தா ரயில்வேல சேந்தார், அந்த ரயிலைப் பாத்ததாலதான் தண்டவாளத்துல காசு வச்ச பையனை அப்படி அடிச்சார்னு எழுதிடலாம்னு கை துடிக்கும். தமிழ் படிச்சவங்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாவே துடிக்கும். அவரே அப்படி யார்கிட்டயாவது சொல்லியிருந்தா எழுதுங்க. சொல்லலேன்னா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு விட்டுடுங்க, முடிச்சு நீங்க போடாதீங்க. ரயில்வேல சேந்ததுக்கு காரணம் வேற எங்கயும் வேலை கிடைக்காததா கூட இருக்கலாம், இல்ல தெரிஞ்ச மேஸ்திரி ஒருத்தர் கூப்பிட்டுப் போயிருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும்.

இதே மாதிரி உங்க இன்னொரு சித்தப்பா, கல்லக்குடியில கலைஞர் தண்டவாளத்துல படுத்தப்போ தாத்தா பக்கத்துலயே நின்னதா எழுதியிருக்கார். அது 1953 ஜூலை 15. பாட்டி கணக்குப்படி பாத்தா தாத்தாவுக்கு அப்ப பதினொண்ணு பன்னெண்டு வயசு. நின்னிருக்க முடியாதுன்னு சொல்லலை, பக்கத்து ஊருதான், பையன்கள் கூட்டத்துக்குள்ள பூந்து போறது சகஜம்தான். ஆனா நம்ம வீடுகள்ல ஒரு பழக்கம் இருக்கு, தாத்தா செத்த ஒரு வருஷத்துக்குள்ள ஜில்லாவுல நடந்த எல்லா பெரிய சம்பவத்துலயும் அவரைக் கொண்டுபோய் நிறுத்திடுவோம். காந்தி வந்தப்போ தண்ணி குடுத்தார், காமராஜர் தோள்ல கை போட்டார்னு எத்தனை வீட்ல கேட்டிருக்கேன். தாத்தா வாயால கேட்டவங்க ரெண்டு பேர் இருந்தா "சொல்லுவார்"னு போட்டு எழுதுங்க. சித்தப்பா ஒருத்தர்தான்னா அவர் பேரைப் போட்டு அவர் சொன்னதா எழுதுங்க, அவருக்கும் சந்தோஷம், உங்களுக்கும் பொறுப்பில்ல.

பிறந்த தேதிக்கு வர்றேன். இதுல பாட்டி சொல்றதுதான் சரின்னு எனக்குப் படுது. தாது வருஷப் பஞ்சம் 1876, அதுல 60 கூட்டினா 1936 திரும்ப தாது, அங்கிருந்து ஈஸ்வர, வெகுதானிய, பிரமாதி, விக்கிரம, விஷுன்னு எண்ணிட்டு வாங்க, 1941 வரும். ஏப்ரல் நடுவுல ஆரம்பிச்சு அடுத்த ஏப்ரல் நடுவுல முடியும், அதனால என்ன மாசம்னு பாட்டிகிட்ட கேளுங்க, தை மாசி பங்குனின்னா 1942 ஆயிடும். அப்ப 1958-ல வேலைக்கு வர்றப்போ அவருக்கு நெஜ வயசு பதினாறு பதினேழு. பதினெட்டு ஆகலேன்னா எடுக்க மாட்டாங்க, ரெண்டு வயசு கூட்டிச் சொல்லியிருப்பார், இல்ல கூட்டிட்டுப் போன ஆளு சொல்லியிருப்பார். ஜூலை 1-ங்கறதைப் பாத்தாலே தெரியல? பிறந்த தேதி தெரியாதவங்களுக்கு எல்லாம் ஆபீஸ்ல எழுதி வைக்கற தேதி அது. இதுல ஒரு வேடிக்கை பாருங்க, 1-ம் தேதி பிறந்தவங்களுக்கு முந்தின மாசக் கடைசியோட சர்வீஸ் முடியும், அப்ப 58 வயசுக் கணக்குப்படி அவர் ரிட்டையர் ஆனது 1997 ஜூன் 30-ஆ இருக்கணும். 98-ல ரிட்டையர்மென்ட் வயசை 58-லேருந்து 60 ஆக்கறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துட்டார், நெஜ வயசு அப்ப அம்பத்தஞ்சு அம்பத்தாறுதான். நெஜ வயசைச் சொல்லியிருந்தா அரசாங்கம் குடுத்த அந்த ரெண்டு வருஷம் கிடைச்சிருக்கும், பதினேழு வயசுல சொன்ன பொய்யால அது அவர் கைக்கே வரலை. மலர்ல தோற்றம்னு போடற இடத்துல விஷு வருஷம்னே போடுங்க, கீழ "ரெக்கார்டுப்படி 1-7-1939"னு சேத்துடுங்க, ஏன் ரெண்டு தேதின்னு உள்ள ஒரு பத்தி எழுதுங்க, படிக்கறவங்க முதல்ல அதைத்தான் படிப்பாங்க.

ஸ்ட்ரைக் விஷயத்துல நான் உங்க அப்பா பக்கம். போட்டே ஆகணும். ஆனா பெரியப்பா ஏன் வேணாங்கறார்னு கேக்காம போடாதீங்க.

என்ன நடந்ததுன்னு உங்க வயசு ஆளுங்களுக்காக சுருக்கமா சொல்றேன். 1974 மே 8-ம் தேதி நாடு பூரா ரயில்வே தொழிலாளிங்க வேலையை நிறுத்தினாங்க, 17 லட்சம் பேர் வேலை பாத்த இடம் அது. போனஸ் குடு, எட்டு மணி நேர வேலை குடு, கூலியா இருக்கறவங்களை பர்மனென்ட் பண்ணு, இதெல்லாம் கேட்டாங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மே 2-ம் தேதியே ஸ்ட்ரைக்கோட தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸை பிடிச்சு உள்ள போட்டாச்சு, அப்புறம் ஆயிரக்கணக்குல கைது, வேலை நீக்கம், குவார்ட்டர்ஸ்லேருந்து பொண்டாட்டி பிள்ளைங்களோட சட்டி பானையை வெளிய தூக்கிப் போட்டதும் நடந்தது. இருபது நாள்ல வாபஸ் வாங்கிட்டாங்க. உங்க பக்கத்து ரயில்வே ஆளுங்களுக்கு போராட்டம் புதுசில்ல, 1946 செப்டம்பர் 5 திருச்சி பொன்மலையில துப்பாக்கிச்சூடு நடந்து அஞ்சு பேர் செத்திருக்காங்க, இன்னிக்கும் அந்த நாளை அங்க நினைவு வச்சுக்கறாங்க. 77-ல ஜனதா ஆட்சி வந்து மது தண்டவதே ரயில்வே மந்திரி ஆனப்புறம்தான் நீக்கினவங்களை திரும்ப எடுத்தாங்க, உங்க தாத்தாவும் அப்படித்தான் உள்ள வந்திருக்கார், நீங்க எழுதியிருக்கற வருஷம் அதோட சரியா பொருந்துது. கேட்ட போனஸும் 1979-80-லேருந்து வந்துடுச்சு. அந்த போனஸை அவர் ரிட்டையர் ஆகற வரைக்கும் வாங்கியிருக்கார். தீபாவளிக்கு உங்க அப்பா போட்ட சட்டை அதுல எடுத்ததா இருக்கும்.

பெரியப்பா பேர் கெட்டுடும்னு சொல்றதா எழுதியிருக்கீங்க. அவருக்கு அப்ப என்ன வயசு, ஒம்போது பத்து இருக்குமா? வீட்ல மூத்த பையன். அந்த மூணு வருஷம் அப்பாவுக்கு வேலை இல்லாததை முழுசா தெரிஞ்சு அனுபவிச்ச பிள்ளை அவர் ஒருத்தர்தான், உங்க அப்பாவுக்கு அப்ப விவரம் தெரியற வயசே இல்ல, உங்க அப்பாவுக்கு அது வீரக்கதை. பெரியப்பாவுக்கு அது கடையில கடன் சொல்லி அரிசி வாங்கிட்டு வரப் போன கதையா இருக்கலாம். நான் ஊகமாத்தான் சொல்றேன். ஆனா ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பத்தி பேசலைங்கறது மட்டும் நிச்சயம். அவர்கிட்ட போயி "போடலாமா வேணாமா"ன்னு கேக்காதீங்க, அது பஞ்சாயத்து. "அந்த வருஷம் நீங்க என்ன கிளாஸ், மதியம் எங்க சாப்பிட்டீங்க"ன்னு கேளுங்க. தாத்தா அப்ப என்ன வேலைக்குப் போனார், எந்த ஊருக்குப் போனார், எத்தனை நாளைக்கு ஒருதரம் வீட்டுக்கு வந்தார். அவர் பேச ஆரம்பிச்சா நடுவுல அப்பாவை உள்ள விடாதீங்க.

அடி சமாச்சாரமும் அவர்கிட்டதான் போகணும். துரோகமான்னு கேட்டீங்க. இல்ல. ஆனா அது நீங்க எழுத வேண்டியதும் இல்ல, அடி வாங்கினவர் எழுதணும், அவர் வேணாம்னா விட்டுடணும். அவர் எழுத ஒத்துக்கிட்டா அதுல "எங்க நன்மைக்காகத்தான் அடிச்சார்"னு ஒரு வரியை நீங்க சேக்காதீங்க, தயவுசெஞ்சு. நம்ம ஊர் மலர்கள்ல இந்த ஒரு வரி வராத மலரே நான் பாத்ததில்ல. தண்டவாளத்துல காசு வைக்கறது கீமேன் வீட்டுப் பையன் பண்ணக்கூடாத காரியம்தான், லைனை தினம் பாத்துக்கற ஆளுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு எனக்குப் புரியுது, அதுக்காக ஒரு சின்னப் பையன் முதுகுல தென்னமட்டை விழுந்தது நல்லதா ஆயிடாது. ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும். பாசமா இருந்தார்னும் எழுதியிருக்காங்க, அதுவும் இருந்துட்டுப் போகட்டும், அஞ்சு பைசா மேல ரயில் ஏறினா எவ்வளவு பெருசா ஆகும்னு பாக்க ஆசைப்பட்ட பையனும் இருக்கட்டும்.

பாட்டி. அந்த பதினாலு பேர்ல பாட்டி இல்லையே, கவனிச்சீங்களா? எழுதத் தெரியாதுன்னு விட்டுட்டீங்களோ என்னவோ. போன்ல ரெக்கார்டை ஆன் பண்ணிட்டு அவங்க பக்கத்துல உக்காருங்க, ஒரே நாள்ல முடிக்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமா. "தாத்தா எப்படிப்பட்டவர் பாட்டி"ன்னு கேட்டா "தங்கமான மனுஷன்"னு சொல்லிட்டு அழுதுடுவாங்க, அதோட முடிஞ்சுடும். சம்பளம் எங்க குடுப்பாங்கன்னு கேளுங்க, அந்தக் காலத்துல பே கிளார்க் பணப்பெட்டியோட ரயில்ல வந்து ஸ்டேஷன்லயே கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுப்பார், அன்னிக்கு ஸ்டேஷன் வாசல்ல கடன்காரங்களும் நிப்பாங்க, தாத்தா வீட்டுக்கு வர்றப்போ கையில எவ்வளவு மிஞ்சும், யார்கிட்ட குடுப்பார்னு கேளுங்க. காலையில எத்தனை மணிக்கு உலை வச்சாங்க, தூக்குச்சட்டியில என்ன குடுத்து விட்டாங்க. ரோந்து ராத்திரியில தூங்கினாங்களா. ஸ்ட்ரைக் வருஷத்துல அவங்க வேலைக்குப் போனாங்களா, பருத்தி எடுக்கவோ கடலை பிடுங்கவோ, கழுத்துல காதுல இருந்தது எது எப்ப எங்க போச்சு. "எல்லாரும் ஒரு நிலைமையில இருக்கோம்னா அது அவரால"ன்னு எழுதியிருக்கீங்க, அந்த மூணு வருஷக் கணக்கை பாட்டிகிட்ட கேட்டப்புறம் அந்த வரியை திரும்ப ஒருதரம் படிச்சுப் பாருங்க.

அவரோட வேலை பாத்தவங்க யாராவது இருப்பாங்க, தேடுங்க, எண்பதைத் தாண்டின ஆளுங்க, இன்னும் ஒரு வருஷம்னு தள்ளிப் போட முடியாது. பென்ஷன்காரங்க நவம்பர் மாசம் உயிரோட இருக்கோம்னு சர்டிபிகேட் குடுக்க பேங்குக்கு வருவாங்க, அங்க போயி நின்னா ஒருத்தராவது "அவர் பேத்தியா நீ"ன்னு கேப்பார். கேங்குல எல்லா சாதி ஆளும் இருப்பாங்க. மதியம் மரத்தடியில தூக்குச்சட்டி திறக்கறப்போ யார் யார் பக்கத்துல உக்காந்தாங்க, தண்ணி யார் கையால வாங்கிக் குடிச்சாங்க, உங்க தாத்தா அதுல எங்க உக்காந்தார்னு கேளுங்க. பதில் பெருமையாவும் வரலாம், சங்கடமாவும் வரலாம். மேஸ்திரி ஆனப்புறம் அவர்கிட்ட வேலை பாத்த கூலிங்க என்ன சொல்றாங்கங்கறதையும் கேட்டா நல்லது, அதிகாரம் கையில வந்தப்புறம் ஒரு மனுஷன் எப்படி இருந்தார்னு வீட்டு ஆளுங்களுக்குத் தெரியாது.

பேப்பர்னு பாத்தா பென்ஷன் புக்கு, பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு), பழைய பாஸ், மெடிக்கல் கார்டு, 74-ல வந்த நீக்க உத்தரவு, 77-ல திரும்ப எடுத்த உத்தரவு எதாவது டிரங்குப் பெட்டியில இருக்கும், எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க. அந்த நீக்க உத்தரவு கிடைச்சா முழுப் பக்கத்துல போடுங்க. தாத்தா படத்தை கோட்டு சூட்டு மாட்டி பின்னாடி ரோஜாத் தோட்டம் வச்சு மாத்தித் தர்றேன்னு பிரஸ்காரர் சொல்வார், வேணாம்னு சொல்லிடுங்க. எம்.எல்.ஏ. வாழ்த்துரைக்கு இடம் ஒதுக்கியே ஆகணும்னா கடைசிப் பக்கம்.

அந்த பதினாலையும் தூக்கிப் போட்டுடாதீங்க, எழுதினவங்க மனசு நோகும், திதி அன்னிக்கு சாப்பாட்டுப் பந்தியில உங்களைத்தான் கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் நாலு வரி வச்சுக்கோங்க, அந்த நாலு வரியில அவங்க கண்ணால பாத்தது ஒண்ணாவது இருக்கணும்னு கேட்டு வாங்குங்க. சின்ன அத்தைக்கு மட்டும் ரெண்டு பக்கம். பெரியப்பா எழுதிக் குடுத்தா எழுத்துப்பிழை மட்டும் பாருங்க, வேற எதையும் தொடாதீங்க, உங்க அப்பா திருத்தச் சொன்னாலும் தொடாதீங்க.

மலர் அச்சானதும் எனக்கு ஒண்ணு அனுப்புங்க. பே கிளார்க் விஷயத்துல பாட்டி என்ன சொன்னாங்கன்னு அதுக்கு முன்னாடியே எழுதினாலும் சந்தோஷம், எங்க மாமா அதைப் பத்தி எதுவும் சொல்லாமலே போயிட்டார்.